பன்வில இறக்கமும் தலை தேய்ந்த ஸ்குரூவும்

கண்டியிலிருந்து புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, மடவளை, வத்தேகம வழியாக மலைப்பக்கம் ஏறினால் பன்வில வரும். பெரிய நகரம் அல்ல. பஸ் நிற்கும் இடம், அதைச் சுற்றிப் பலசரக்குக் கடைகள், மருந்துக் கடை, இரண்டு மூன்று தேநீர்க் கடைகள், ஓட்டோக்களின் வரிசை. ஆனால் மேலே மடுல்கலைப் பக்கமும் ஹுலுகங்கைப் பக்கமும் உள்ள தோட்டங்களில் வாழும் நம் சகோதரிகளுக்கு "டவுன்" என்றால் இதுதான். அரிசி, மா, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு, அடகுச் சீட்டு எல்லாவற்றுக்கும் இங்கேதான் இறங்கி வருகிறார்கள்.

வத்தேகம வரை பாதை ஓரளவு சமமாகவே செல்லும். மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை 1880இல் திறக்கப்பட்ட காலம் தொட்டு வத்தேகம ஒரு சந்தி ஊர். அங்கிருந்து மேலே மிளகுக் கொடியும் கராம்பு மரமும் சாதிக்காய் மரமும் நிற்கும் வீட்டுத் தோட்டங்கள். பன்வில தாண்டியதும் தேயிலை தொடங்குகிறது. அதற்கும் அப்பால் முகிலுக்குள் நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கைமுட்டியின் எலும்புகள் போலத் தெரிந்ததால் வெள்ளைக்காரர் அந்தப் பெயரை வைத்தார்கள். ஊர் மக்கள் அதைத் தும்பறை மலை என்பார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பகுதிகளில் இதுவும் ஒன்று. இந்த மலையில் பிறக்கும் ஹுலுகங்கைதான் கீழே ஓடி விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சரிவுகளில் நின்றது தேயிலை அல்ல, கோப்பி. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையரில் ஒரு பகுதியினர் இந்த மலைகளில்தான் கோப்பிக் கன்று நட்டார்கள். 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அது பரவிப் பரவிச் சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இலைத் துரு அன்று ஒரு தொழிலையே மாற்றியது. நான் சொல்லப் போவது இரும்புத் துருவைப் பற்றி. அளவில் அது மிகச் சிறியது. ஆனால் இந்த மலைப்பாதையில் அதுவும் உயிரோடு சம்பந்தப்பட்டது.

மலை இறக்கத்தில் கேட்ட சத்தம்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மடுல்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தாய்மார் சங்கக் கூட்டத்துக்கு நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியையான தோழி ஒருவரின் காரில்தான் பயணம். பழைய ஜப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் நாட்டில் எல்லோரும் பழைய வாகனத்தைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டினார்கள். என் தோழியின் காரும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முன்புதான் கீழ்நாட்டில் ஒரு கராஜில் "பிரேக் எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து பிற்பகல் மூன்று மணிபோல் இறங்கத் தொடங்கினோம். மழை தூறியது. முதல் நாலைந்து வளைவில் ஒன்றும் இல்லை. பிறகு பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் இடது சில்லுப் பக்கமிருந்து ஒரு சத்தம். அம்மிக்கல்லில் இரும்புச் சட்டியை இழுப்பதுபோன்ற சத்தம். தோழி உடனே கியரைக் குறைத்தார். முதலாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கை அதிகம் தொடாமல் மெல்ல மெல்லப் பன்வில வந்து சேர்ந்தோம். டவுனுக்குச் சற்று வெளியே, பாதையோரம் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். வாசலில் வாழைக்குலை மாதிரிப் பழைய டயர்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள்.

கராஜ் பாஸுக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய தகப்பனார் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவர். கொழுந்து அரைக்கும் ரோலர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தகப்பனுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து வளர்ந்தவர் இவர். கராஜின் ஒரு மூலையில் மேசை போட்டு அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். கணக்கு, பில், உதிரிச் சாமான் எல்லாம் அவர் பொறுப்பு. பால்மா டின்களிலும் ஜேம் போத்தல்களிலும் நட்டு, போல்ட், ஸ்குரூ ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார்.

பேட் மட்டும் போதுமா?

சில்லைக் கழற்றிப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. முன் சில்லுகளில் டிஸ்க் பிரேக். சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுத்தான் டிஸ்க். அதை இருபுறமும் கவ்விப் பிடிப்பவை பிரேக் பேட்கள். வெளிப்பக்கப் பேட்டில் இன்னும் தடிப்பு இருந்தது. உட்பக்கப் பேட் முழுவதும் தேய்ந்து, அதன் இரும்பு முதுகே டிஸ்க்கை உராய்ந்துகொண்டிருந்தது. கலிப்பர் நகரும் ஊசிகளில் ஒன்று துருவேறி இறுகினால் இப்படி ஒரு பக்கம் மட்டும் தேயும் என்று பாஸ் சொன்னார். சில்லு பூட்டியிருக்கும்போது வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு நல்ல பேட் மட்டும்தான் தெரியும்.

டிஸ்க்கில் உழவுச்சால் மாதிரி கோடுகள். ஓரத்தில் தேயாத பகுதி வரம்பு போல உயர்ந்து நின்றது. அந்த வரம்பு இடிப்பதால் அளவுகோலை நேராக வைக்க முடியாது. பாஸ் இரண்டு நாணயங்களை டிஸ்க்கின் இரு பக்கமும் வைத்து, அவற்றோடு சேர்த்து அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழித்தார். கிடைத்தது 18 மில்லிமீற்றரை விடச் சற்றே கூட. டிஸ்க்கின் மேல் தயாரித்தவர்களே பொறித்திருந்த ஆகக் குறைந்த அளவு 19 மில்லிமீற்றர்.

"பேட் மட்டும் போட்டா இன்னிக்கே கொண்டு போகலாம் டீச்சர். பேட் என்கிட்ட இருக்கு. ஆனா இந்த டிஸ்க்க வச்சிக்கிட்டு இறங்கச் சொல்ல எனக்கு மனசு வராது," என்றார் பாஸ்.

பிறகு டார்ச் அடித்து ஒரு இடத்தைக் காட்டினார். டிஸ்க்கைச் சில்லின் ஹப்போடு சேர்த்துப் பிடிக்க இரண்டு சிறிய ஸ்குரூக்கள் உண்டு. ஒன்றின் தலையில் கூட்டல் குறி வெட்டுத் தெளிவாக இருந்தது. மற்றதில் வெட்டே இல்லை. வட்டக் குழி மட்டும். சுற்றிலும் ஸ்குரூ டிரைவர் வழுக்கிய கீறல்கள். அந்தக் கீறல்களின் மேலும் துரு ஏறியிருந்தது.

"யாரோ கழற்றப் பார்த்திருக்காங்க. தலை அழிஞ்சதும் விட்டுட்டாங்க. டிஸ்க் மாத்தாம பேட் மட்டும் போட்டு அனுப்பியிருக்காங்க," என்றார்.

ஒரு வேலை செய்ய வேண்டியது என்று தெரிந்தும், சுண்டுவிரல் நகத்தளவு ஸ்குரூ ஒன்று கழல மறுத்ததால் அது கைவிடப்பட்டிருக்கிறது. கைவிட்டது வண்டியின் சொந்தக்காரிக்குச் சொல்லப்படவும் இல்லை. பேட் மாற்றுவதற்கு டிஸ்க்கைக் கழற்றத் தேவையில்லை. அதனால் வெளியில் ஒன்றும் தெரியாது. புதிய பேட் போட்டதும் சில வாரம் சத்தமும் வராது.

புதிய டிஸ்க் பன்விலயில் கிடைக்காது. தோழி ஒரு நிமிடம் யோசித்தார். இருட்ட இன்னும் நேரம் இருந்தது, பேட் போட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனாலும் "தம்பி, வண்டி இங்கேயே நிற்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நாங்கள் நால்வரும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கூட்டல் குறி வெட்டின் கதை

திங்கட்கிழமை காலை கட்டுகஸ்தோட்டையில் உதிரிப்பாகக் கடையொன்றில் இரண்டு டிஸ்க்குகள் வாங்கிக்கொண்டு, தோழியும் நானும் மீண்டும் பன்விலவுக்குப் போனோம். டிஸ்க்கை இரு பக்கமும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றது தேய்ந்தும் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடும்.

பாஸ் வேலை தொடங்குவதற்கு முன் எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினார். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஸ்குரூ டிரைவர்களைக் கையில் தந்தார். இரண்டின் நுனியும் கூட்டல் குறிதான். உற்றுப் பார்த்தால் ஒன்றின் நுனி சற்றுக் கூர், மற்றது சற்று மொட்டை.

நாம் பொதுவாக "ஸ்டார்" என்று சொல்லும் அந்த வெட்டு, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் என்பவரின் பெயரில் 1936இல் காப்புரிமை பெற்றது. கார்த் தொழிற்சாலைகளில் விரைவாகப் பூட்ட அது வசதியாக இருந்தது. டிரைவரின் நுனி தானாகவே நடுவில் போய் உட்காரும். ஆனால் அதன் பக்கங்கள் சரிவானவை. அதிக பலம் கொடுத்துத் திருப்பினால் நுனி அந்தச் சரிவில் ஏறி வெளியே வழுக்கிவிடும். ஜப்பானியர் தங்கள் தரத்துக்கு அமைத்த கூட்டல் வெட்டு இதிலிருந்து சற்று வேறுபட்டது. அந்த ஸ்குரூ சிலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளியும் இருக்கும். ஜப்பான் ஸ்குரூவில் சாதாரண பிலிப்ஸ் டிரைவரை வைத்தால் அது அடிவரை உட்காராது. மேலோட்டமாகப் பிடித்துத் திரும்பும். இறுகிய ஸ்குரூ என்றால் ஒரு வழுக்கல், இரண்டாவது வழுக்கல், மூன்றாவதில் வெட்டே இருக்காது. நம் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் செய்தவை என்பதை நினைத்தால், எத்தனை ஸ்குரூக்களின் தலை இப்படிப் போயிருக்கும்!

அந்த ஸ்குரூ ஏன் அவ்வளவு இறுகுகிறது? அதன் தலை கூம்பு வடிவில் டிஸ்க்கின் குழிக்குள் பதிந்து உட்காருகிறது. மழைத் தண்ணீர் அங்கே போய்த் தேங்குகிறது. இந்த மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இறக்கத்தில் பிரேக் சூடாகும், ஏற்றத்தில் ஆறும். சூடும் குளிரும் ஈரமும் மாறி மாறி வர, கூம்புத் தலையும் குழியும் துருவால் ஒன்றாகிவிடுகின்றன. பூட்டியவர் முழுப் பலத்தோடு இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடித்து அடித்து ஒரு கால் சுற்று

வலது பக்கத்தை முதலில் எடுத்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கில் தூக்கி, அதன் கீழே தாங்கிக் கட்டையும் வைத்த பிறகே சில்லைக் கழற்றினார். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை வைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம்.

ஸ்குரூத் தலையைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, துரு இளக்கும் எண்ணெயில் இரண்டு துளி விட்டுக் காத்திருந்தார். அதற்குள் பிளேன்டீ வந்தது. பிறகு கையடக்கமான, கனமான ஒரு கருவியை எடுத்தார். இம்பெக்ட் டிரைவர் என்பது அதன் பெயர். நுனியை ஸ்குரூவில் வைத்து, இடது பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அடியின் பலத்தில் ஒரு பகுதி நுனியை ஸ்குரூவுக்குள் அழுத்துகிறது. இன்னொரு பகுதி கருவிக்குள் இருக்கும் சாய்ந்த வெட்டால் திருப்பு விசையாக மாறுகிறது. நுனி வழுக்க நினைக்கும் அதே கணத்தில் அடி அதை உள்ளே தள்ளிப் பிடிக்கிறது. நாலாவது அடியில் முதல் ஸ்குரூ இளகியது. இரண்டாவதும் அப்படியே. வலது டிஸ்க் பத்து நிமிடத்தில் கழன்றது.

இடது பக்கத்தில் நல்ல தலை உள்ள ஸ்குரூவும் வந்துவிட்டது. மிஞ்சியது அந்த வட்டக் குழிதான்.

குழிக்குள் வால்வு தேய்க்கும் பசையைக் கொஞ்சம் தடவினார். மணல் போன்ற அதன் துகள்கள் நுனிக்குப் பிடி கொடுக்கும் என்றார். இரண்டு அடி. பிடிக்கவில்லை. அடுத்தது கட்டையுளி. தலையின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும்வரை நேராக அடித்து, பின் உளியைச் சாய்த்து, ஸ்குரூ கழலும் திசையில் தட்டினார். தலையின் ஓரம் மண் மாதிரி உதிர்ந்தது. ஸ்குரூ அசையவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பாஸ், சூடு காட்டினால் வராதா?" என்று கேட்டேன்.

"வரலாம் மிஸ். ஆனா இப்பத்தான் எண்ணெய் விட்டிருக்கேன், பத்திக்கும். பக்கத்துல ரப்பர் ஹோஸ், சென்சர் வயர் எல்லாம் இருக்கு. ஒரு ஸ்குரூவுக்காக அதையெல்லாம் எரிக்கணுமா?" என்றார்.

உடைந்த ஸ்குரூவை எடுக்கும் எக்ஸ்டிராக்டர் என்ற முறுக்காணியும் அவரிடம் இருந்தது. அதையும் எடுக்கவில்லை. அது மிகவும் கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் அதைத் துளைக்கச் சாதாரண டிரில் அலகால் முடியாது. வேறு வழி இருக்கும்போது அதில் கை வைப்பதில்லை என்றார்.

தலை போனதும் இளகியது

கடைசியில் டிரில். அதற்கும் அவசரப்படவில்லை. குழியின் நடுவில் சென்டர் பன்ச் வைத்து ஒரு புள்ளி அடித்தார். நடு தவறினால் டிரில் அலகு ஒரு பக்கம் ஓடி ஹப்பின் மரையைக் கெடுத்துவிடும். முதலில் 3 மில்லிமீற்றர் அலகு, மெதுவான வேகம், இடையிடையே ஒரு துளி எண்ணெய். பிறகு ஸ்குரூவின் தண்டை விடச் சற்றுப் பெரிய அலகு. தண்டு 6 மில்லிமீற்றர், அலகு 6.5. தலையின் உயரத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது. அலகில் எவ்வளவு ஆழம் என்று மனைவி டேப் ஒட்டி அடையாளம் வைத்துக் கொடுத்தார். "கண்ண மூடு, தூள் தெறிக்கும்" என்று அவரே கணவனின் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டார். அந்தக் கண்ணாடி இல்லாமல் அவர் டிரில் பிடிக்க விடுவதில்லையாம்.

இரும்புச் சுருள் சுருளாக வந்தது. திடீரென்று ஸ்குரூவின் தலை மோதிரம் போலக் கழன்று டிரில் அலகோடு சேர்ந்து சுற்றியது.

டிஸ்க் இன்னும் ஹப்பில் துருவால் ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட டிஸ்க் பலவற்றில் மரை போட்ட இரண்டு வெற்றுத் துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு, இதற்கு அரைச் சுற்று, அதற்கு அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்கினார். டிஸ்க் தானாகவே வெளியே தள்ளப்பட்டு வந்தது. சுத்தியல் அடியே இல்லை.

தலையில்லாத தண்டு ஹப்பில் சில மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நின்றது. வைஸ் கிரிப்பால் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினார். மீதியை விரலாலேயே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இவ்வளவு பாடுபடுத்தியது இதுவா என்று எனக்கு வியப்பு. மரையில் அவ்வளவாகத் துருவே இல்லை. இறுக்கம் முழுவதும் தலையில்தான் இருந்திருக்கிறது. தலை போனதும் இழுவிசை போய்விட்டது, தண்டு சும்மா நின்றது.

அதைவிட வியப்பான ஒன்றையும் சொன்னார். அந்த ஸ்குரூ பிரேக் பிடிக்க உதவுவதே இல்லை! ஓடும் வண்டியில் டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிப்பவை சில்லு நட்டுகள். இந்தச் சிறு ஸ்குரூக்கள் சில்லு இல்லாத நேரத்தில் டிஸ்க் ஆடாமலும் விழாமலும் வைத்திருக்கத்தான். பல கார்களில் அவை இருப்பதே இல்லை. அந்த வண்டியின் சில்லு நட்டுக்கு 108 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். இந்த ஸ்குரூவுக்கு 10 போதும். அதைத்தான் யாரோ சில்லு நட்டு மாதிரி இறுக்கியிருக்கிறார்கள்.

மனைவி ஒரு ஜேம் போத்தலைக் கவிழ்த்து, அதே அளவில் புதிய ஸ்குரூ நான்கு எடுத்தார். மரையில் துரு பிடிக்காத கிரீஸை மெல்லியதாகத் தடவி, டிஸ்க் முகத்தில் ஒரு துளியும் படாமல் பூட்டினார் பாஸ். ஹப்பின் துருவைத் தேய்த்தெடுத்தார். இறுகியிருந்த கலிப்பர் ஊசியைக் கழற்றித் துப்புரவாக்கிக் கிரீஸ் போட்டார். புதிய டிஸ்க், புதிய பேட். வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் மிதியைப் பல தடவை மிதித்துக் கெட்டியாகும்வரை பார்த்தார். அதைச் செய்யாமல் புறப்பட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பிறகு ஹுலுகங்கைப் பாதையில் சமமான இடத்தில் மெதுவாகப் போய், மென்மையாகப் பல தடவை பிரேக் பிடித்து, பேட்டும் டிஸ்க்கும் பழகும்படி செய்து வந்தார்.

பில் கொப்பித்தாளில் எழுதியிருந்தது. பேட் இவ்வளவு, கூலி இவ்வளவு, ஸ்குரூ நான்கு இவ்வளவு. பழைய டிஸ்க், பழைய பேட், தலை போன ஸ்குரூ எல்லாம் ஒரு பையில் போட்டு வண்டியில் வைத்திருந்தார்கள். கேட்காமலே கொடுத்தார்கள்.

பயணிகளாகிய நாம்

சகோதரிகளே, நம்மில் பலருக்குக் கார் இல்லை. அப்படியானால் இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மலைநாட்டில் பிரேக்கை நம்பி வாழாத பெண் யார்? பிரசவத்துக்குத் தோட்டத்து லொறியிலோ ஓட்டோவிலோ இறங்குகிறோம். பிள்ளை வேனில் பள்ளிக்கூடம் போகிறது. நாம் பஸ்ஸில் தொங்குகிறோம். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் வேறு வேறு காரணம் இருக்கலாம். ஆனால் மலைப்பாதையில் தவறு செய்ய இடம் மிகக் குறைவு என்பது எல்லா விபத்துக்கும் பொது.

அந்தக் கராஜில் கேட்டு அறிந்தவற்றில், வண்டி ஓட்டாதவர்களுக்கும் பயன்படும் சில விஷயங்களை இங்கே தருகிறேன்.

மெல்லிய கீச்சுச் சத்தம் பேட் தேய்வதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். இரும்பு உராயும் சத்தம் என்றால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். வேனிலோ ஓட்டோவிலோ அந்தச் சத்தம் கேட்டால் சாரதியிடம் சொல்லுங்கள். "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் சூடாகிப் பிடி தளரும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது அதை மாற்றச் சொல்கிறார்கள்.

பிரேக்கில் சேரும் கரிய தூளை ஊதவோ துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. பழைய பேட், பிரேக் ஷூ சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்தானது. கராஜில் வேலை செய்யும் கணவன், மகன், சகோதரர்களின் உடுப்பை வீட்டில் உதறாதீர்கள். ஈரத்திலேயே ஊறவைத்து, மற்ற உடுப்போடு சேர்க்காமல் துவையுங்கள். தொழிலாளரின் உடுப்புத் துவைத்ததாலேயே அஸ்பெஸ்டஸ் நோய்க்கு ஆளான பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

வண்டி வைத்திருக்கும் சகோதரிகள் பழுது பார்த்த பின் பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில்லும் கேளுங்கள். இன்னொரு கேள்வியும் கேட்கப் பழகுங்கள்: "செய்ய முடியாமல் விட்டது ஏதும் உண்டா?" என் தோழி இப்போது எந்தக் கராஜுக்குப் போனாலும் அதைக் கேட்கிறார். கேட்கும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நட்டு இருக்கு டீச்சர், அது கொஞ்சம் இறுகியிருக்கு" என்று உண்மையைச் சொல்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் இந்தத் தொழிலைக் கற்கலாமா என்று பன்வில பாஸின் மனைவியிடம் கேட்டேன். தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்று, என்.வி.கியூ. சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பெண்கள் அந்தப் பக்கம் போவது இன்னும் குறைவு. அவர் சிரித்துக்கொண்டே ஜேம் போத்தலின் மூடியை இறுக்கினார்.

"பலம் வேணும்னு சொல்லுவாங்க மிஸ். பலம் இருந்தவங்கதானே அந்த ஸ்குரூ தலையைக் கெடுத்தாங்க. இதுக்கு வேண்டியது பொறுமை. அது நம்மகிட்ட இல்லையா என்ன?" என்றார்.